ஷூவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்

குண்டான பிள்ளைகள் முழங்கால் வலி என்று வந்தால், வாசலில் கழற்றிப் போட்ட ஷூவைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். போன வாரம் ஈரோட்டில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான், 11 வயது. குதிகாலின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் புதுசு போல. பாதத்தின் வளைவு எடையில் அமுங்கி, கணுக்கால் உள்ளே சாய்ந்தால் அப்படித்தான் தேயும்.

“சரியான சோம்பேறிங்க மேடம். பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள உக்காந்துக்கறான்” என்றார் அம்மா.

வராண்டாவில் நடக்கவிட்டேன். தொடை உரசாமல் இருக்கக் காலை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, மெதுவாக நடந்தான். இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதல். விழுந்துவிடாமல் இருக்க உடம்பு தானே கண்டுபிடித்துக்கொள்கிற வழி அது. ஆனால் அகட்டி நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பைப் பக்கவாட்டிலும் தள்ள வேண்டும். அதே தூரத்துக்கு அவனுக்குச் சக்திச் செலவு அதிகம். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

“கண்ணு, நொண்டி ஆடற மாதிரி ஒத்தக்கால்ல நில்லு பாக்கலாம்.”

நின்றான். கை இரண்டும் காற்றில் துழாவின. கண்ணை மூடச் சொன்னதும் காலை ஊன்றிவிட்டான். தொடை பார்க்கப் பெரிதுதான், ஆனால் தூக்க வேண்டிய எடைக்குத் தசை போதவில்லை. விழுந்தால் சிரிப்பார்களே என்று விளையாட்டை விட்டவனுக்குத் தசை எங்கே பழகும்?

இடுப்பையும் சுழற்றிப் பார்த்தேன். எடை கூடிய பிள்ளைகளுக்கு வளரும் வயதில், தொடை எலும்பின் மேல்முனை, எலும்பு வளர்கிற இடமான வளர்ச்சித் தட்டில் வழுக்கி நகர்ந்துவிடுவதுண்டு. கோளாறு இடுப்பில் இருக்கும், வலி முழங்காலில் தெரியும். விந்தி நடக்கிற பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வந்தால் பயிற்சி கிடையாது. நடக்கக்கூட விடாமல் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுவேன். நல்லவேளை, இவனுக்கு இடுப்பு தாராளமாகச் சுழன்றது.

சாப்பாட்டு விஷயத்துக்குக் குழந்தைகள் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். வீட்டில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்பது, சாயங்காலம் சைக்கிள். சைக்கிளில் எடையில் பெரும்பகுதியை சீட் வாங்கிக்கொள்ளும். அப்புறம் பி.டி. மாஸ்டருக்கு ஒரு சீட்டு: இப்போதைக்குக் கிரவுண்டைச் சுற்றி ஓடவிட வேண்டாம்.

மாஸ்டர் போனில் கூப்பிட்டார். “கோ-கோ சேத்துக்கலாமுங்களா மேடம்?” சட்டென்று திரும்பி ஓடுகிற ஆட்டம் அது. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.