18 என்று எழுதும் முன் எண்ணிப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த கையோடு பி.எஸ்சி. நர்சிங் சேரும் பிள்ளைகள், கடலூரானாலும் புதுச்சேரியானாலும், முதலில் கேட்பது "எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்குமே, எப்படிப் படிக்கிறது?" என்றுதான். தமிழ் மீடியத்தில் வந்தவர்களுக்கு நியாயமான பயம். ஆனால் வார்டில் முதலில் மாட்டிக்கொள்வது இங்கிலீஷில் அல்ல, எண்ணாமல் எழுதும் எண்களில்.

எந்த வார்டிலும் டிபிஆர் சார்ட்டை, அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் தாளைப் புரட்டுங்கள். மூச்சு என்ற இடத்தில் எல்லோருக்கும் 18 அல்லது 20 இருக்கும். முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவார்களா என்ன? உட்கார்ந்து எண்ண ஒரு நிமிடம் ஆகும், அந்த நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். உடம்பு மோசமாகப் போகிறது என்பதைப் பல நேரம் முதலில் காட்டுவதே மூச்சுதான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நிஜத்தில் 26 உள்ளவருக்குப் பழக்கதோஷத்தில் 18 எழுதினால், அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரும் அதை நம்பிப் போய்விடுவார்.

"மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு எண்ணினால் பேஷண்ட் தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்த கையை விடாதீர்கள். இன்னும் நாடிதான் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இதற்குத்தான் விநாடி முள் உள்ள வாட்ச். கையில் கட்டாமல் உடுப்பில் குத்திக்கொள்ளும் வகை நல்லது, கை கழுவத் தொந்தரவு இல்லை.

பிபியிலும் இதே கதை. டயலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம். ஸ்டெத் வைத்துப் பார்த்து "125/83" என்று எழுதினால், அனுமானத்தில் எழுதியது என்று மேடத்துக்கு அந்த ஒற்றைப்படை எண்ணே சொல்லிவிடும். பேஷண்ட் 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கையில் சுற்றும் கஃப் பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு சுமார் 2.5 செ.மீ. மேலே. முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடியுங்கள். நாடி மறைகிற எண்ணைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்குங்கள். சற்றுப் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் இன்னும் 30 ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்கிக் கேளுங்கள். நாடி தொட்டுப் பார்க்கும் படியைத்தான் பலர் விடுகிறார்கள். பிபி அதிகமுள்ள சிலருக்குச் சத்தம் நடுவில் நின்று மறுபடி வரும். கண்மூடித்தனமாக 150 வரை மட்டும் ஏற்றினால், 190 உள்ளவரை 150 என்று எழுதிவிட்டு வருவீர்கள். கஃப் சின்னதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும், சட்டென்று இறக்கினால் மேல் எண் குறைந்துவிடும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பதறாமல் ஸ்டெத்தின் காதுமுனையைப் பாருங்கள். அது முன்னோக்கி இருக்க வேண்டும்.

இப்போது மொழிக்கு வருவோம். முதல் செமஸ்டரில் அனாடமி, பிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், நர்சிங் ஃபவுண்டேஷன். கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே தெரிந்தவைதானே. ஹெபட்டோ, நெஃப்ரோ என்று வேர்ச்சொல்லைப் பிடியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'டாக்கி' வேகம், 'பிராடி' மந்தம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

இதன் மறுபக்கம்தான் கஷ்டம், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பேஷண்ட் சொல்வதைச் சரியான மருத்துவச் சொல்லாக்க வேண்டும். "மேலெல்லாம் வலி" என்றால் உடம்பு வலி. "மயக்கமா வருது" என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். "ஆயா, கீழ விழுந்துட்டீங்களா? அப்ப நினைவு இருந்துச்சா?" என்று கேட்காமல் கேர் பிளானில் (பேஷண்டுக்கான பராமரிப்புத் திட்டத்தில்) எழுதாதீர்கள். தமிழ் மீடியம் பிள்ளைகள் இங்கே ஒரு படி முன்னாலேயே நிற்கிறார்கள்.

சேர்வதற்கு முன் சில வேலைகள். சான்றிதழ்களைச் சில கல்லூரிகளில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேனும் செய்துவிடுங்கள். வகுப்பு மழைக்காலத்தை ஒட்டித் தொடங்கினால் ஐப்பசியில் வெள்ளை யூனிஃபார்ம் காயாது, மூன்றாவது செட் அவசியம். கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரி போக நினைப்பவர்கள் கவனிக்க: நர்சிங் கல்லூரிகள் உள்ள ஜிப்மரும் கோரிமேடும் ஊரின் மறுகோடியில், திண்டிவனம் சாலையில் இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும், காலை நெரிசலில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டுவதே பெரும்பாடு. தியரிக்கு 80 சதவீத வருகை போதும். கிளினிக்கலில், அதாவது வார்டுப் பயிற்சியில், விட்ட நாட்களையோ பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதமும் ஈடு செய்தாக வேண்டும். ஹாஸ்டலே மேல்.

வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதீர்கள். முதல் வாரத்தில் புண் கட்டுவதைப் பார்த்துத் தலை சுற்றி விழுபவர்கள் பெரும்பாலும் இட்லியைத் தட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்தான். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள், டிரேயின் மேல் மட்டும் சாயாதீர்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால் சேர்ந்த வாரமே முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) பார்த்தால் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராக வெள்ளை டப்பாவில் போடுங்கள். டியூபும் ஐவி செட்டும் சிவப்புப் பையில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில். ஊசி குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. திட்டு விழுமே என்று ஹாஸ்டலுக்குப் போய் யோசிப்பவர்கள் இழப்பது அந்த 2 மணி நேரத்தைத்தான்.