பிலத்துவாரம்

கடந்த ஓராண்டாகச் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐவர் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள என் வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிகளைக் கொண்டு தமிழிலேயே ஒரு கதையாட்டம் ஆடி வருகிறோம். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடுவார்கள்; செய்ய நினைத்தது கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்; கதையை நடத்துவது என் பொறுப்பு. இரண்டு உலகங்களை இணைக்கும் மந்திர வாயில் ஒன்று கதைக்குத் தேவைப்பட்டபோது, முதலில் ஒரு பாழ்மண்டபத்தில் நீல ஒளி வளையம் ஒன்றை வைத்தேன். ஆட்டக்காரர்கள் பெருவிரைவு ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டிவிட்டு நடப்பதுபோல அதன் வழியே போவதும் வருவதுமாக இருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் தாங்கள் எந்த உலகில் நிற்கிறோம் என்பதையே அவர்கள் கேட்பதில்லை என்று கவனித்தபோது, எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இந்த ஆட்டத்தின் மரபிலேயே இதற்கு நல்ல விடை உண்டு. டேவிட் குக் வடிவமைத்து 1994இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்' என்ற கற்பனைக் கதைக்களத்தில், கதவுகளின் நகரம் எனப்படும் சிகில் இருக்கிறது. அங்கே கதவு, சன்னல், வளைவு, பீப்பாயின் இரும்பு வளையம் என நாற்புறமும் அடைபட்ட எந்தத் திறப்பும் இன்னோர் உலகுக்கு வாயிலாகலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திறவுகோல் உண்டு. அது ஒரு பொருளாகவோ, சொல்லாகவோ, சைகையாகவோ, மனத்தில் எழும் நினைவாகவோகூட இருக்கலாம். திறவுகோல் இல்லாதவர் அதே கதவைக் கடந்தால் அடுத்த அறைக்குத்தான் போவார். கடப்பவர் யார் என்று வாயில் கேட்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் நீல வளையம் யாரையும் எதையும் கேட்கவில்லை.

இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் இன்னொன்றும் உண்டு: மணிக்கற்பொடி கலந்த சுண்ணக்கட்டியாலும் மையாலும் தரையில் வட்டம் வரைந்து, சில நொடிகளே திறந்திருக்கும் வாயிலை உண்டாக்கும் மந்திரம். அதையே ஒரே இடத்தில் ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் வரைந்தால் அந்த வட்டம் நிலைத்துவிடும். இதைப் படித்த அன்று, எங்கள் மாடியின் பொது நடைபாதையில் மாவிலைத் தோரணம் கட்டிய இரும்புக் கதவின் முன் விடியற்காலையில் கோலமிடும் எதிர்வீட்டு அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு வேண்டிய வாயில் பெரும்பாணாற்றுப்படைக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில்தான் கிடைத்தது. நாகபட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்துவாரத்தின், அதாவது நிலத்தடிக் குகை வாயிலின், வழியே நாகலோகம் சென்று நாககன்னியைக் கூடுகிறான். பிறக்கும் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவள் கேட்க, தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடச் சொல்கிறான். திரை, அதாவது கடலலை, கொண்டுவந்து தந்ததால் அப்பிள்ளை திரையன் ஆனான். போன வழி பிலம், வந்த வழி கடல்! ஒரு வாயில் இருபுறமும் ஒரே மாதிரி திறக்க வேண்டியதில்லை என்பதையும், அந்தப் பக்கத்திலிருந்து வருவதை இந்தப் பக்கம் அறிந்துகொள்ள ஓர் அடையாளம் வேண்டும் என்பதையும் இந்தச் சிறு கதை எத்தனை அழகாகச் சொல்லிவிடுகிறது! 'போர்ட்டல்' என்றே சொல்லிப் பழகியிருந்த எங்கள் மேசையில் அன்று முதல் பிலத்துவாரம் என்ற சொல்லே வழங்குகிறது.

புதிய வாயிலை வறண்ட கிணறு ஒன்றின் அடியில் அமைத்தேன். உள்ளே செல்பவர் தம் பெயரைக் கிணற்றடியில் விட்டுச் செல்ல வேண்டும். திரும்பும்வரை மேசையில் இருக்கும் எவரும் அந்தப் பெயரால் அவரை அழைக்கக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து எதை அனுப்பினாலும் அதில் தொண்டைக்கொடி கட்டியிருக்க வேண்டும். முன்பு ஒரு நிமிடமும் யோசிக்காமல் கடந்தவர்கள், இம்முறை ஒன்றரை மணி நேரம் கிணற்றடியில் நின்று வாதிட்டார்கள். பாடினி வேடம் ஏற்றிருக்கும் என் அத்தை மகள், தன் பெயர் தன் பாட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லி இறங்க மறுத்துவிட்டாள். மற்ற மூவரும் பெயரின்றி இறங்கினார்கள்.

சென்ற வாரம் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கூடை மேலே வந்தது. வேலியோரம் பறித்த கோவைக்கொடியை, நம் தொண்டைக்கொடி அதுதான், வேடன் வேடம் ஏற்ற நண்பரிடம் கொடுத்துக் கூடையில் கட்டச் சொல்லியிருந்தேன். கட்டியவர் யார் என்று மேலேயே நின்றுவிட்ட அத்தை மகளுக்குச் சொல்லவில்லை. எந்தப் பெயரும் சொல்ல முடியாத நிலையில் அவள் கொடியை விரலால் தடவிப் பார்த்தாள். "இது வேடன் போட்ட முடிச்சு. முயலுக்குக் கண்ணி வைத்த அன்றும் இப்படித்தான் இரண்டு முறை சுற்றினான்" என்றாள். நான் பகடையை உருட்டச் சொல்லவில்லை.