‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லால் கைநழுவ இருந்த என் முதல் போட்டி

கலப்புத் தற்காப்புக் கலையில் என் முதல் அமெச்சூர் போட்டிக்காக எட்டு வாரம் உழைத்தேன். அந்த எட்டு வாரத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தவை பயிற்சியோ எடைக்குறைப்போ அல்ல, மருத்துவச் சான்றுகள்தான். உடற்பரிசோதனையும் ஈசிஜியும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. சிக்கல் இரத்தப் பரிசோதனையில் தொடங்கியது.

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்றுக்கும் அறிக்கை கேட்டிருந்தார்கள். போட்டி நடக்கும் கம்பிவலைக் கூண்டுக்குள் புருவம் கிழிவதும் ஒருவர் இரத்தம் மற்றவர் காயத்தில் படுவதும் நடக்கக்கூடியவை என்பதால், இந்த விதியின் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆய்வகத்தில் நான் “ஹெபடைடிஸ் பி சோதனை” என்று மட்டும் சொன்னேன். விதிப்படி தேவைப்பட்டது, கிருமி உடலில் இருக்கிறதா என்று காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை. அவர்கள் செய்தது, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நான் தடுப்பூசி போட்டுக்கொண்டவன் என்பதால் அது ‘பாசிட்டிவ்’ என்று வந்தது.

சான்றுகளைச் சரிபார்த்த அலுவலர் அந்தச் சொல்லைக் கண்டதும் கோப்பை மூடிவிட்டு, “தொற்று உள்ளவர்களை அனுமதிக்க முடியாது” என்றார். தடுப்பூசி பலித்திருப்பதற்கான அடையாளம் அது என்று நான் எவ்வளவோ விளக்கியும், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி அதையே திரும்பச் சொன்னார். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: சோதனையின் பெயரைப் பார்க்காமல் முடிவை மட்டும் படிப்பவர், ஆன்டிபாடி அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்றிருந்தால் தொற்றுள்ள ஒருவரையும் உள்ளே அனுப்பிவிடுவார்.

ஆகவே ஆய்வகச் சீட்டில் ‘ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென்’ என்று முழுப் பெயரையும் மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குக் கேட்பது ஆன்டிபாடி சோதனையையே என்பதால் இரண்டும் எளிதில் குழம்பிவிடுகின்றன. இன்னொன்று, தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் ஆன்டிஜென் சோதனை செய்தால் தொற்று இல்லாதவருக்கும் ‘பாசிட்டிவ்’ வரக்கூடும். எனவே ஊசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கண் பரிசோதனையில் தவறு என்னுடையது. எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துக் கொடுத்த சான்றோடு போனேன். அவர்களுக்கு வேண்டியது, சொட்டு மருந்தால் கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்த்த அறிக்கை. குத்து வாங்கும் கண்ணில் விழித்திரை கிழியவோ பிரியவோ வாய்ப்புண்டு என்பதால் அது நியாயமானதே. சொட்டு மருந்துக்குப் பின் சில மணி நேரம் வெளிச்சத்தில் கண் கூசும், அருகில் இருப்பதைப் படிக்க முடியாது. அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

புதிய ஆன்டிஜென் அறிக்கை ‘நெகட்டிவ்’ என்று வந்தது. இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரின் விளக்கக் கடிதத்தையும் சேர்த்து, இம்முறை போட்டி மருத்துவரிடமே நேரில் கொடுத்தேன். அவர் ஒரே நிமிடத்தில் கையெழுத்திட்டார். போட்டியன்று கையில் சுற்றிய துணிக்கட்டையும் பல் காப்பையும் இடுப்புக் காப்பையும் பொறுமையாகச் சோதித்த கண்காணிப்பாளர், கட்டின் மேல் கையெழுத்திட்டபோதுதான் எனக்கு மூச்சு சீரானது.

இரண்டாம் சுற்றில் தலையில் விழுந்த அடிகளால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அவர் குறுக்கிட்டது சரியான நேரத்தில்தான். தோற்றதில் வருத்தம் உண்டு, நிறுத்தியதில் இல்லை. 30 நாட்களுக்கு ஸ்பாரிங் (பயிற்சிக்காக இருவர் மோதுவது) உட்பட எந்த மோதலும் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதை என் பதிவேட்டில் ஏற்றியவர் அதே அலுவலர்தான். அவர் எழுதிய தேதியை மருத்துவரின் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நான் அங்கிருந்து நகர்ந்தேன்.