மே மாதக் கொடைக்கானல்: காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்

சீசனில் கொடைக்கானல் போய்வந்தவர்களைக் கேட்டால், பாதிப் பேர் ஏரியைப் பற்றிப் பேச மாட்டார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கும் ஊர் நுழைவில் இருக்கும் மூஞ்சிக்கல்லுக்கும் நடுவில் வண்டி நகராமல் நின்ற கதையைத்தான் சொல்வார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையும் பழனியிலிருந்து ஏறும் சாலையும் பெருமாள்மலையில் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு மேல் சுமார் 12 கிலோமீட்டருக்கு எல்லோருக்கும் ஒரே வழி. அந்த வழியில்தான் அருவியும் இருக்கிறது, ஓரமாக நிறுத்திப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் காலை எட்டு மணிக்குள் பெருமாள்மலையைத் தாண்டிவிடப் பாருங்கள்.

சொந்த வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது: வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. ஆகவே அறை போடுவதற்கு முன்பே பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. ரயிலில் வருபவர்கள் கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு போய் மாறிக்கொள்ளலாம். பெயரை நம்பி ஏமாற வேண்டாம், ஸ்டேஷனிலிருந்து மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு; எவர்சில்வர் பாட்டிலாக எடுத்துப் போங்கள்.

ஊருக்குள் வந்துவிட்டால் காரைத் தொடாதீர்கள். பேருந்து நிலையம், கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, ஏரி எல்லாம் நடக்கிற தூரம்தான். ஏழு ரோடு சந்திப்பில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நடப்பவர் ஏரிக்கரை சேர்ந்திருப்பார்.

அன்றைய திட்டத்தை மேகத்தைப் பார்த்துப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும். சில நாள் மழையும் கொட்டும். ஆகவே காட்சிமுனைகள் எல்லாம் காலையில், ஏரியும் பூங்காவும் அதற்குப் பிறகு. மதியம் மூன்று மணிக்குத் தூண்பாறைக்குப் போய் வெள்ளைத்திரையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் தினமும் உண்டு.

1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி இது, ஏறக்குறைய 60 ஏக்கர். நட்சத்திரம்போலக் கைகளை நீட்டிக் கிடப்பதால் கரையில் நின்றால் முழுவதும் கண்ணில் படாது. பெடல் படகு எடுப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒரு கைக்குள் நுழைந்தால் படகுத்துறை மறைந்துவிடும், திரும்பும்போது எதிர்க்காற்று இருந்தால் மிதி இரட்டிப்பாகும், நேரம் கடந்தால் கூடுதல் கட்டணம். பாதி நேரம் ஆவதற்குச் சற்று முன்பே திரும்பிவிடுங்கள். நான்கு பேர் படகில் மிதிப்பது பெரும்பாலும் முன்னால் இருப்பவர்கள்தான். பலமுள்ளவர்களை அங்கே உட்கார வையுங்கள். சுக்கானை மெதுவாகத் திருப்புங்கள். ஒரே வெட்டாக வெட்டினால் படகு வேகமிழந்து நின்ற இடத்திலேயே சுழலும். வயதானவர்கள் இருந்தால் துடுப்புப் படகே நல்லது, படகோட்டி பார்த்துக்கொள்வார்.

ஏரியைச் சுற்றும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிள் எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், செயின் தொங்குகிறதா என்று பாருங்கள், சீட் உயரத்தை அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். நிற்காமல் ஓட்டினால் அரை மணி; சோளத்துக்கும் பஜ்ஜிக்கும் நின்றால் ஒரு மணி. பத்து மணிக்கு மேல் அதே சாலையில் கார்களும் குதிரைகளும் சேர்ந்துகொள்ளும், சிறுபிள்ளைகளோடு ஓட்டுவது நிம்மதியாக இருக்காது.

பைன் காடு, குணா குகை, தூண்பாறை, மோயர் பாயிண்ட் எல்லாம் சேர்ந்த வட்டத்தை உள்ளூரில் ‘12 மைல்’ என்பார்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டிய இடம். யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை மூடிவிடும் என்பதால் கிளம்பும் முன் விடுதியில் விசாரியுங்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், வண்டி எண்ணிக்கையும் குறைவு. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது, படகு சவாரி கிடையாது.

கூட்டம் மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமைக்கு என் தேர்வு பூம்பாறை, மன்னவனூர் சாலை. இது 12 மைல் பக்கம் போகாத தனி வழி. பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள். இந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மன்னவனூர் ஏரியில் பரிசல் உண்டு. உள்ளூர்ப் பேருந்தில் போனால் கடைசி வண்டி எப்போது என்று நடத்துனரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வட்டக்கானல் வழியாக டால்பின் நோஸ் பாறைக்குப் போகிறவர்கள் பிடிப்புள்ள காலணி போடுங்கள். இறக்கம் முழுக்க வேரும் கல்லும், மழை பெய்தால் வழுக்கும். பாறை நுனியில் தடுப்பு கிடையாது. இறங்குவதைவிட ஏறித் திரும்ப அதிக நேரம் பிடிக்கும்.

மலையிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், செங்குத்தான இடங்களில் இரண்டாவது கியர். பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோபீம் போதும். வாந்தி வருபவர்களை முன்சீட்டில் உட்கார வைத்து, மலைச்சாலை முடியும்வரை செல்போனைப் பார்க்கவிடாதீர்கள்.