பத்து நாள் வகுப்பும் பதினான்கு வியாழக்கிழமைகளும்

வடமராட்சியில் ஒரு சுகாதாரப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக உளசமூகப் பணியாளராகக் கடமையாற்றுகிறேன். சான்றுகளின் அடிப்படையிலான உளவியல் உதவிமுறை ஒன்றில் கடந்த ஆண்டு எனக்கு இலவசப் பயிற்சி கிடைத்தது. இதற்கு விண்ணப்பிக்கலாமா, அலைச்சலுக்குப் பலன் உண்டா என்று வேறு பிரிவுகளில் உள்ள உத்தியோகத்தர்கள் பலர் கேட்டபடியால், விண்ணப்பம் எழுதிய நாள் முதல் சான்றிதழ் கையில் கிடைத்த நாள் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். என்னிடம் வந்த அம்மா ஒருவரைப் பற்றிய பகுதியை அவரது சம்மதத்துடன், அவரை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியே எழுதியிருக்கிறேன்.

நான் பயின்றது பிரொப்ளம் மனேஜ்மென்ட் பிளஸ் என்ற முறை, பி.எம். பிளஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதன் கைந்நூலை வெளியிட்டது. கிழமைக்கு ஒன்றாக ஐந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மன அழுத்தத்தைக் கையாளல், பிரச்சினைகளைக் கையாளல், கைவிட்ட செயல்களை மறுபடி தொடங்கல், உறவுகளின் துணையை வலுப்படுத்தல் ஆகிய நான்கும் படிப்படியாகக் கற்பிக்கப்படும். பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேருடனும், நைரோபியில் வன்முறைக்கு உள்ளான பெண்களுடனும் நடந்த ஆய்வுகளில், மனநல மருத்துவர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களே இதை வழங்கினார்கள், பலனும் கிடைத்தது. ஒரு மாவட்டத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய மனநல வைத்தியர்களே உள்ள எங்களைப் போன்ற இடங்களுக்கு இது பெரிய விடயம். கைந்நூலை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். அப்படியிருக்கப் பயிற்சி எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கம்தான். சிரமம் கொடுத்தது விடுவிப்புக் கடிதம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை என்றாலும், பத்து வேலைநாள்களுக்கு என்னை விடுவிக்க ஓர் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். கடிதம் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போக ஐந்து கிழமை எடுத்தது. முடிவுத் திகதிக்கு முதல் நாள் பிற்பகல்தான் கையொப்பம் கிடைத்தது. அதிலும் வகுப்பு நாள்கள் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன; வகுப்பின் பின், நாங்கள் உதவுபவர்களைப் பற்றி வியாழன்தோறும் குழுவாகப் பேசி வழிகாட்டல் பெறும் மேற்பார்வையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

வகுப்பு யாழ்ப்பாண நகரில் நடந்தது. காலையில் நெல்லியடியில் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வீடு திரும்பலாம். மொத்தம் 80 மணித்தியாலம். அதில் பாதிக்கு மேல் நடிப்புப் பயிற்சி. ஒருவர் உதவி நாடி வந்தவராக நடிப்பார், மற்றவர் உதவுவார், மூன்றாமவர் எனாக்ட் என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று முதல் நான்கு வரை நிலை குறிப்பார். ஒன்று என்றால், வந்தவருக்குத் தீங்கு செய்யக்கூடிய நடத்தை என்று பொருள். முதல் நாள் எனக்கு இரண்டு இடங்களில் ஒன்று விழுந்தது. வந்தவர் சொல்லி முடிக்க முதலே “நீங்கள் அப்படி யோசிக்கக்கூடாது, பிள்ளைகளுக்காகத் தைரியமாக இருக்க வேண்டும்” என்று சொல்லியிருந்தேன். ஒன்பது வருடமாக எத்தனை பேருக்கு இதே வசனத்தைச் சொல்லியிருப்பேன் என்று அன்று பஸ்ஸில் வரும்போது நினைத்து மனம் மிகவும் கனத்தது. எங்கள் ஊரில் உளவளத்துணை என்றாலே புத்திமதி சொல்வது என்ற எண்ணம் வேரோடிப் போயிருக்கிறது. அதை எனக்குள்ளிருந்து கழற்ற அந்தப் பத்து நாளும் தேவைப்பட்டது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்கவும் அங்கேதான் பழகினேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. அது பிழையான நம்பிக்கை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுற்றி வளைக்காமல், “உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என்று அமைதியான குரலில் கேட்கவும், ஆம் என்றால் திட்டம் உண்டா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, அதை யார் பொறுப்பில் பூட்டி வைக்கலாம் என்று தொடர்ந்து கேட்கவும் திரும்பத் திரும்பப் பயிற்றுவித்தார்கள். வெங்காயமும் புகையிலையும் செய்யும் வீடுகளில் இந்தக் கேள்வியை விடவே கூடாது. உடனடி ஆபத்து இருந்தால் பி.எம். பிளஸ் அவருக்குரியது அன்று. தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

வகுப்பு முடிந்த பின், மேற்பார்வையின் கீழ் இருவருடன் ஐந்து சந்திப்புகளையும் முழுமையாக நடத்தினால்தான் சான்றிதழ். உண்மையில் நான் படித்தது இங்கேதான். முதலாவதாக வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா. அவருடைய மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். முதற் சந்திப்பில் மெதுவாக மூச்சு விடும் பயிற்சியைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார். “பிள்ளை, இது பெருமூச்செல்லோ. பொழுதுபட்ட நேரம் பெருமூச்சு விட்டால் வீட்டுக்குக் கூடாதெண்டு என்ர அம்மா ஏசுறவா” என்றார். கைந்நூலில் இதற்கு விடை இல்லை. சிறிது நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவராகவே, “தேவாரம் படிக்கேக்கை அடி முடிய எடுக்கிற மூச்சு மாதிரியோ?” என்று கேட்டார். அதேதான் என்றேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரு தேவாரத்தை மனதுக்குள் படித்தபடி ஆறேழு நிமிடம் செய்தார்.

இரண்டாவது சந்திப்பில் நான் பிழை விட்டேன். பிரச்சினைகளைத் தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, முக்கியமற்றவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். தாளில் மூன்று நிரல் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். மகனின் விடயம் வந்ததும் பேனை இரண்டாவது நிரலுக்குப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். “என்ர பிள்ளை தீர்க்கேலாத பிரச்சினையோ?” என்று மட்டும் கேட்டார். ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள் அடங்கிய பையை அவர் மடியிலிருந்து இறக்கவேயில்லை.

அந்த வியாழக்கிழமை மேற்பார்வையில் இதைச் சொன்னபோது என் குரல் உடைந்தது. ஆறு பேர் கொண்ட குழு, இரண்டு மணித்தியாலம்; எங்கள் மேற்பார்வையாளர் என்னைக் குறை சொல்லவில்லை. மகனை எந்த நிரலிலும் எழுத வேண்டாம், தேடுவது அவருடைய உரிமை, அந்தத் தேடலைச் சுமந்துகொண்டு இந்தக் கிழமையைக் கழிப்பதில் எது அவரை வருத்துகிறது என்று கேளுங்கள் என்றார். அடுத்த சந்திப்பில் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அப்படியே கேட்டேன். இரண்டு வருடமாகக் கோயிலுக்குப் போகவில்லை என்றார், வீதியில் காணுபவர்கள் “ஏதும் தகவல் வந்ததோ?” என்று கேட்பதைத் தாங்க முடியவில்லையாம். சனம் குறைந்த விடியற்காலையில், மச்சாளையும் கூட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் போய்ப் பார்ப்பது என்று இருவரும் திட்டமிட்டோம். மூன்றாம் சந்திப்பின் கருவான கைவிட்ட செயலை மறுபடி தொடங்கலும் நான்காம் சந்திப்பின் கருவான உறவுகளின் துணையும் அந்த மச்சாளால் இயல்பாகவே சேர்ந்துகொண்டன.

வருபவர் தன்னுடைய பிரச்சினையைத் தன் சொல்லிலேயே எழுதுவித்து, அதற்குத் தானே புள்ளி போடும் சைக்லொப்ஸ் என்ற படிவம் ஒன்று இருக்கிறது. கூடிய புள்ளி 20; புள்ளி கூடினால் வருத்தம் அதிகம். முதல் நாள் அவர் “தனிச்சுப் போனன்” என்று எழுதுவித்து 17 போட்டார். ஐந்தாம் சந்திப்பில் 9. மகனைப் பற்றிய துயரம் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை.

இப்படி அளந்து பார்ப்பது எங்கள் மண்ணில் மிகவும் அவசியம் என்று கருதுகிறேன். சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாம் ஒன்றில், உள்ளூர் உளவளத்துணையாளர்கள் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளுக்கு இரண்டு முறைகளில் உதவினார்கள்: வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லவைக்கும் முறை, தியானமும் தளர்வும் கலந்த முறை. 2009இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தின் பின் முதலாவது குழுவில் 81 வீதமும் மற்றதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். இந்த வேறுபாடு ஒன்றைவிட மற்றது சிறந்தது என்று சொல்லப் போதாது. ஆனால் வடக்கில் 399 மாணவர்களுடன் பாடசாலைகளில் நடந்த உளசமூகப் பயிற்சி பற்றி 2012இல் வெளியான வேறோர் ஆய்வில், முக்கியமாக எதிர்பார்த்த பலன்கள் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளிடம் சில அறிகுறிகள் பயிற்சி பெறாதவர்களை விட மெதுவாகவே குறைந்தன. நல்ல மனதோடு செய்வதெல்லாம் நன்மையாக முடியும் என்று நம்பியிருந்த என்னை இந்த முடிவு நெடுநேரம் யோசிக்க வைத்தது.

பதினான்கு வியாழக்கிழமைகளில் ஐந்துக்கு நான் சொந்த விடுமுறை எடுத்தேன். எங்கள் ஆறு பேரில் இருவர் விடுமுறை கிடைக்காமல் இடையில் நின்றுவிட்டார்கள். இருவருமே என்னை விடத் திறமையானவர்கள். ஆகவே விண்ணப்பிப்பவர்கள் விடுவிப்புக் கடிதத்தில் பத்து நாள் வகுப்புடன் வாராந்த மேற்பார்வையையும் நேரம் குறிப்பிட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். அதை எழுத மறுத்தால், உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியை நேரில் கண்டு, மேற்பார்வை பயிற்சியின் ஒரு பகுதிதான் என்பதை விளக்குங்கள். மிஞ்சிய நால்வரும் சான்றிதழ் கிடைத்த பின்னும் மாதத்தின் முதல் வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறோம். இடையில் நின்ற இருவரும் இப்போது அதற்கு வருகிறார்கள்.