டிரேடிங் கோர்ஸ் கட்டணத்தைத் திரும்பப் பெற்ற அனுபவம்

டிரேடிங்கில் நஷ்டம் வந்தது என்று சொல்லி கோர்ஸ் கட்டணத்தைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். விற்கும்போது சொன்னது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்று காட்டினால்தான் பேச்சு நகரும். என் விஷயத்தில் நகர்ந்தது அப்படித்தான்.

நான் சேர்ந்த கோர்ஸின் விளம்பரத்தில் மாணவர்களில் 90 சதவீதம் பேர் லாபத்தில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். சந்தை நடக்கும் நேரத்தில் தனி வழிகாட்டி உண்டு, பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்றும் இருந்தது. கிடைத்தது பதிவு செய்த வீடியோக்களும் நூற்றுக்கணக்கானோர் இருந்த ஒரு டெலிகிராம் குழுவும். தனி வழிகாட்டி வேண்டுமென்றால் அடுத்த நிலை கோர்ஸை வாங்க வேண்டுமாம். பணம் வாபஸ் ஆக எல்லா வீடியோவையும் முடித்து, அவர்கள் முறையிலேயே டிரேடு எடுத்து, கணக்கு விவரத்தோடு அனுப்ப வேண்டும். அதற்குள் வாபஸ் கேட்கும் கெடு முடிந்துவிடும்.

புகார் என்று தெரிந்ததும் விளம்பரத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால், முதலில் பக்கம் முழுவதையும் தேதியோடு பிடிஎஃப் ஆக்கினேன். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்து வைத்தேன். 'சலுகை முடிய இன்னும் 10 நிமிடம்' என்று ஓடிய கடிகாரம், பக்கத்தை மறுபடி திறந்தால் மீண்டும் 10-இலிருந்து ஓடியது. அதை வீடியோ எடுத்தேன். விளம்பரத்தில் காட்டிய லாபக் கணக்குப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே நாளின் பச்சை எண்தான் இருந்தது. போட்ட முதல் எவ்வளவு, அந்த மாதத்தின் மற்ற நாட்களில் என்ன ஆனது, எதுவும் இல்லை.

அப்புறம் மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேட்டேன்: அந்த 90 சதவீதம் எத்தனை பேரை, எந்தக் காலத்தில் கணக்கெடுத்து வந்தது? பதிலாக நாலைந்து மாணவர்களின் பாராட்டு வீடியோக்கள் வந்தன. இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரை பங்குகளை வைத்துப் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில் (எஃப் அண்ட் ஓ) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள். பிரேசிலில் 300 நாளுக்கு மேல் விடாமல் டே டிரேடிங் (அன்றன்றே வாங்கி விற்பது) செய்தவர்களை ஆராய்ந்தபோது 97 சதவீதம் பேருக்கு நஷ்டம். இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லிப் பணம் வாங்குபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்.

சரியான பதில் வராததால், கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேட்டேன், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்டேன். இதற்குப் பொதுவாக 120 நாள்தான் கெடு, அதனால் கம்பெனியோடு பேசியே காலத்தைக் கழிக்கக் கூடாது. கார்டு நிறுவனமான விசாவின் விதிகளில் 13.5 என்ற காரணம் தவறான சித்தரிப்புக்கு உரியது. வருமானம் வரும் என்று சொல்லி விற்கும் தொழில்வாய்ப்புகளும் அதில் அடங்கும். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதாமல், சொன்ன வாசகத்தை இடப்பக்கமும் கொடுத்ததை வலப்பக்கமும் வைத்து ஒரு பக்கத்தில் முடித்தேன். நான் வீடியோ பார்த்த லாகின் பதிவுகளை கம்பெனி வங்கிக்கு அனுப்பியது. பார்த்ததை நான் மறுக்கவில்லை, தனி வழிகாட்டி ஒரு முறைகூட வரவில்லை என்று பதில் எழுதினேன்.

இதற்கிடையில் கம்பெனியிடமிருந்து சமரசம் வந்தது. பாதிப் பணம் தருவார்களாம், நான் எங்கும் விமர்சனம் எழுதவோ எந்த அமைப்பிடமும் புகார் செய்யவோ கூடாதாம். படித்தபோது கொதித்தது. அடுத்து சேரப்போகிறவருக்கு உண்மை தெரியாமல் இருக்கத்தான் இந்த நிபந்தனை. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, டிரேடிங் கற்றுத்தரும் ஆன்லைன் டிரேடிங் அகாடமி என்ற நிறுவனத்தின் மீது 2020-இல் தொடுத்த வழக்கில், வருமானம் பற்றிய பொய் வாக்குறுதிகளோடு இப்படி வாயை அடைக்கும் ஒப்பந்தங்களையும் குற்றச்சாட்டாகவே சேர்த்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

வங்கி என் பக்கம் முடிவெடுத்து முழுத் தொகையையும் வரவு வைத்தது. அதே கோப்பை நுகர்வோர் அமைப்புக்கும் அனுப்பியிருக்கிறேன், விசாரணை நடக்கிறது. கடன் தவணையில் சேர்ந்தவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், கடன் மதிப்பெண் அடிபடும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே கடிதத்தை அனுப்பி, அவர்கள் எழுத்தில் தரும் பதிலை வாங்கி வையுங்கள்.