லான்ட் ரோவருக்கு சீ.பி. அன்ரனா பூட்டிய ஆறு கிழமை

நேற்றுப் பின்னேரம்தான் அன்ரனாவை அளக்கும் மீற்றரின் ஊசி ஒன்றரைக்குக் கீழே, அதாவது நல்ல அளவுக்கு, வந்து நின்றது. அதற்கு ஆறு கிழமை எடுத்தது. கொழும்புக்கு ஒரு வீண் பயணம், இரண்டு தரம் வாங்கிய கேபிள், இரண்டு தரம் துளைத்த தகடு. கடைசியில் பெரிய குற்றவாளி ஒரு பெயின்ற் பூச்சு. யாழ்ப்பாணத்தில் வேறு யாராவது ஜீப்புக்கு சீ.பி. றேடியோ (வாகனத்துக்கு வாகனம் நேரடியாகக் கதைக்கும் வயர்லெஸ் பெட்டி) பூட்ட நினைத்தால் என்னைப்போல மினக்கெடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் நாலு வாகனக்காரர். மணற்காட்டு மணல் மேடுகள், சுண்டிக்குளம் பக்கம் என்று ஒன்றாகப் போவோம். போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். போன மாரியில் கடைசி வாகனம் களப்புச் சேற்றில் இறங்கியது, முன்னால் போன எங்களுக்கு அரை மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கே முடிவெடுத்தோம்.

அனுமதியை முதலில் எடுங்கள். வயர்லெஸ் பெட்டி என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போகாமல் எதுவும் வாங்காதீர்கள். எனக்கு அது நாள் எடுத்தாலும் சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊர்க் கடைகளில் ரீவி அன்ரனாவும் கார் எப்.எம். அன்ரனாவும்தான் இருந்தன. இரவு பஸ் ஏறி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். ஒரு கடையில், "எந்த செட்டுக்கும் சரிவரும்" என்று காந்த அடி வைத்த ஒன்றரை அடிக் கம்பியை எடுத்துத் தந்தார்கள். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ்ஸில் வவுனியா தாண்டித்தான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சின்ன எழுத்தில் 136–174 மெகாஹேர்ட்ஸ் என்று இருந்தது. சீ.பி. வேலை செய்வது 27 மெகாஹேர்ட்ஸில். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர், அதில் கால்வாசி என்றாலே இரண்டேமுக்கால் மீற்றர் வரும். சுருள் எதுவும் சுற்றாத ஒன்றரை அடிக் கம்பியை யாராவது சீ.பி.க்கு என்று தந்தால் வாங்காதீர்கள். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, பெட்டியில் 27 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

காந்த அடியும் உதவவில்லை. வீட்டுக்கு வந்து பொனட்டில் வைத்தேன், மெதுவாக வழுக்கிக் கீழே போனது. பழைய லான்ட் ரோவரின் உடம்பு அலுமினியத் தகடு, சேஸிதான் இரும்பு. அப்பா காலத்திலிருந்து வீட்டில் நிற்கும் வாகனம், எனக்கு இது தெரியாத விசயமில்லை. கடையில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

சரி, எந்த அன்ரனா? 102 அங்குல முழுக்கம்பி நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் அதை வைத்துக்கொண்டு ஓட முடியாது. வேப்பங்கிளை, மதிலுக்கு மேலால் தொங்கும் போகன்வில்லா, திருவிழா வளைவு, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்கு வீடு இழுத்த தாழ்ந்த மின்கம்பி. மின்கம்பி விசயத்தில் விளையாடவே கூடாது. அதனால் 4 அடி பைபர்கிளாஸ் கம்பியைத் தெரிவு செய்தேன். பயர்ஸ்ரிக் என்ற அமெரிக்கக் கம்பனியினுடையது. கட்டையாக இருப்பதை ஈடுசெய்ய அதைச் சுற்றிச் செப்புக் கம்பி சுருட்டியிருக்கும், சுற்று நெருக்கம் உச்சிப் பக்கம்தான் அதிகம், நுனியில் ஒரு திருகாணி இருக்கும். லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அதை ஒரு பீ.வி.சி. குழாய்க்குள் வைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொண்டுவந்தான். கீறல்கூட இல்லை.

இடமும் யோசித்தேன். கூரையில் வைத்தால் மின்கம்பிப் பயம். அதோடு கூரையின் பொருத்துகளில் ரப்பர் பட்டி இருப்பதால் மின்தொடர்பு நம்பிக்கையில்லை. சாமான் ஏற்றும் பின்பக்கத் தொட்டியின் வலது மூலையில் வைத்தால் உச்சிச் சுருள் கூரைக்கு மேலே வந்துவிடும், வீதியின் இடதோரம் உரசும் செடிகளும் படாது. அதற்கு ஒரு தகடு வேண்டும்.

கொக்குவில் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் அடிக்கக் கொடுத்தேன். வேலை சுத்தம். இரும்புத் தகடு, வடிவாக வளைத்து, விளிம்பு தேய்த்து, இரண்டு பூச்சு கறுப்புப் பெயின்ற். பார்க்க ஆசையாக இருந்தது. பூட்டி, கேபிள் இழுத்து, றேடியோவைப் போட்டவுடன் மத்தியானம் எங்கோ வெளிநாட்டில் யாரோ விளங்காத மொழியில் கதைப்பது கேட்டது. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் 27 மெகாஹேர்ட்ஸ் அலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். எனக்கு உச்சிகுளிர்ந்துவிட்டது. அதுதான் பிழை. கேட்கிறது என்பதை வைத்து அன்ரனா சரி என்று ஒருபோதும் முடிவெடுக்காதீர்கள். ஒரு துண்டுக் கம்பி செருகினாலும் ஏதாவது கேட்கும். அனுப்பும்போதுதான் உண்மை தெரியும். ஒழுங்கை முடக்கில் நின்ற நண்பனுக்கே என் குரல் கரகரவென்றுதான் போனது.

அமெச்சூர் வானொலி அனுமதி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறிக்காரர், எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரோடு வந்தார். பெட்டி அனுப்பும் சக்தியில் எவ்வளவு அன்ரனாவால் வாங்கப்படாமல் திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 3 என்றால் நாலில் ஒரு பங்கு திரும்புகிறது, 1.5 என்றால் நூற்றுக்கு நாலுதான். 3க்கு மேல் இருக்கும்போது தொடர்ந்து பேசினால் பெட்டியின் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் எரியலாம். எனக்கு நாற்பது சனல்களில் முதல், நடு, கடைசி என்று 1, 20, 40 மூன்றிலும் ஊசி கடைசிக்கே போய் மோதியது. நான் உடனே கம்பியைக் கழற்றப் போனேன். "தம்பி, கம்பியைக் குறை சொல்லாதேயும். எல்லாச் சனலிலும் ஒரே மாதிரி மோசமென்றால் கம்பியில் பிழையில்லை, அடியில்தான் பிழை" என்றார்.

முதலில் மல்ரிமீற்றரைத் தகட்டிலும் கம்பியைத் தாங்கும் அடி ஆணியிலும் வைத்தார். பீப் என்று கத்தியது. கத்தவே கூடாது. ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவில் கழுத்து வைத்த வெள்ளை நைலோன் வாஷர் ஒன்று வரும். அந்தக் கழுத்து தகட்டின் துளைக்குள் இறங்கி உட்கார வேண்டும். துளைக்கு அரை அங்குலம் தேவை. பட்டறையில் பத்து மில்லிமீற்றர்தான் துளைத்திருந்தார்கள். வாஷர் மேலே சும்மா குந்திக்கொண்டிருக்க, ஆணி இரும்போடு உரசி நின்றது. துளை அளவை நீங்களே வாஷரைக் கொண்டுபோய்க் காட்டி, முன்னால் நின்று துளைப்பியுங்கள்.

பிறகு கேபிளின் தோலில் அச்சடித்திருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்தார். ரீவி கேபிள், 75 ஓம். "வயர் எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்றில்லை. இதற்கு 50 ஓம், ஆர்.ஜி. 58 வேண்டும். மாற்றினோம்.

இரண்டையும் சரிசெய்த பிறகும் ஊசி 3ஐ விட்டு இறங்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரையில்லை. அடுத்த நாள் ஐயா தகட்டிலிருந்து சேஸிக்கு மல்ரிமீற்றர் பிடித்தார். ஒரு சத்தமும் இல்லை. நான் ஆசைப்பட்ட கறுப்புப் பெயின்ற், போல்ற் தலைக்கு அடியிலும் தகட்டின் முதுகிலும் மின்சாரத்தை முழுதாக மறித்திருந்தது. வாகனத்தின் உடம்பு அன்ரனாவின் மற்றப் பாதி. அதைத் தொடாமல் நின்றால் எவ்வளவு விலையான கம்பியும் அரைக் கம்பிதான். அரத்தால் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்தோம், தொட்டியின் அலுமினியத்திலும் அப்படியே. பட்டையாகப் பின்னிய செப்புக் கம்பியால் தகட்டைச் சேஸியோடு கட்டினோம். இதில் ஒரு கவனம்: எங்கள் உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் தொடும் இடம் வெள்ளைத் தூளாகக் கரையும். இறுக்கிய பிறகு சுற்றிவர கிறீஸ் பூசி, கேபிள் மூட்டுக்குத் தன்னோடு ஒட்டும் ரப்பர் ரேப் சுற்றுங்கள்.

அளப்பதையும் தகரக் கொட்டகைக்குள் வைத்துச் செய்யாதீர்கள், கூரையே அளவைக் கெடுக்கும். நாங்கள் கல்லுண்டாய் வெளிக்குப் போனோம். கதவெல்லாம் சாத்தி, முதலாம் சனலில் 1.6, நாற்பதாவதில் 2.3. மேல் சனலில் கூடினால் கம்பியின் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். நுனித் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினோம். 1, 20, 40 சனல்களில் முறையே 1.4, 1.2, 1.4. ஐயா ஒன்றும் சொல்லாமல் மீற்றரைத் துணியில் சுற்றினார். பண்ணைப் பாலத்தடியில் நின்ற நண்பனைக் கூப்பிட்டேன். "விளங்குது, பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி விளங்குது."

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்று அந்தக் கம்பியையே பார்த்தார். ஒரு காலத்தில் இந்த ஊரில் வாகனத்தில் நீளக் கம்பி ஆடினால் அது யாருடைய வாகனம் என்று யோசித்து ஒதுங்கி நின்றவர். "கடிதம் உள்ளே வைச்சிருக்கிறியா?" என்றுதான் கேட்டார். அனுமதிப் பிரதியை லமினேற் செய்து டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள், கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.

ஞாயிறு சுண்டிக்குளம் போகிறோம். மற்ற மூன்று வாகனங்களுக்கும் அதே பட்டறையில் தகடு சொல்லியாயிற்று. எவர்சில்வர், அரை அங்குலத் துளை, பெயின்ற் ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்று கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.